லைனுக்கே ஒரு கார்டு

திங்கட்கிழமை காலையில் பாத்திரம் துலக்குவது செல்வம். மற்ற நாட்களிலும் அவன்தான். ஆனால் ரோஜா வளர்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் பொற்கொடிக்கு வார விடுமுறை திங்கட்கிழமை என்பதால், அதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பாக்கியம் அவளுக்கு அன்றைக்கு மட்டும்தான். பின்பக்கக் குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து அலசி, விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுவான். பிசுக்குத் தட்டுப்பட்டால் இடது பக்கம், இல்லையென்றால் வலது பக்கம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வருஷக்கணக்காக கியர் பாகங்களைக் கடைந்து, பிசிர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் பழகிய விரல் அது.

"இடது பக்கம் கெடக்குறதெல்லாம் ரிஜெக்ஷனாங்க?" என்றாள், டீயை ஊதியபடி.

"ரீவொர்க்கு, மறுபடி தேய்க்கணும். ரிஜெக்ஷன்னா குப்பைக்குல்ல போகணும்? உன் தூக்குப்போணி மட்டும்தான் அந்த நெலமையில இருக்கு."

அப்போதுதான் தபால்காரர் வந்து பதிவுத் தபால் என்றார். செல்வத்தின் இரண்டு கையிலும் நுரை. "நீயே வாங்கு" என்றான். கையெழுத்துப் போட்டு வாங்கி உறையைப் பிரித்த பொற்கொடியின் கண்ணில் முதலில் பட்டது ஒரு வட்ட முத்திரை. டீ டம்ளரைச் சுவர்த்திட்டில் வைத்தாள்.

"ஏங்க, கோர்ட்டுலேர்ந்து வந்திருக்கு."

"யாருக்கு?"

"நம்ம பேங்க் அண்ணனுக்கு."

பேங்க் அண்ணன் என்பது செல்வம்தான். கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த ஆட்கள் வைத்த பேர்.

அந்தப் பேர் வந்த கதை ஒரு இலவசப் பையில் ஆரம்பித்தது. கம்பெனி கேன்டீன் வாசலில் ஒரு பையன் மேஜை போட்டு, கிரெடிட் கார்டுக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஊருக்குக் கொண்டுபோகும் பை ஒன்று தருவதாகக் கூவிக்கொண்டிருந்தான். செல்வத்துக்குக் கார்டும் வேண்டாம், பையும் வேண்டாம். ஆனால் பையன் தென்காசிக்காரன். "டார்கெட் முடியலண்ணே" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். தானும் விருதுநகரிலிருந்து பிழைக்க வந்திருந்த செல்வத்துக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

கார்டு வந்த பிறகுதான் தெரிந்தது, லைனில் வேறு யாருக்கும் அது கிடைக்காது என்பது. மற்றவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆள் செல்வம் ஒருவன்தான். அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அது ஒரு நடைமுறையாகவே இருந்தது. பெயின்ட் ஷாப்பில் ஒரு கார்டு, அசெம்பிளியில் ஒரு கார்டு, செல்வத்தின் லைனுக்கு ஒரு கார்டு. யார் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் பெர்மனென்ட் ஆளின் கார்டைத் தேய்த்து வாங்கிவிட்டு, சம்பள நாளில் மாசத் தவணையை அவன் சட்டைப் பையில் சொருகிவிட வேண்டும். கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் இந்தச் சொருகல் நடக்கும். யாரும் எண்ணிக் கொடுக்க மாட்டார்கள், செல்வமும் எண்ணி வாங்க மாட்டான். எழுதி வைக்கச் சொல்லி பொற்கொடி ஒரு தடவை சொன்னதற்கு, "ஒரே டப்பாவுல சோறு திங்கிறவன்கிட்ட எழுதிக் காட்டி வாங்குனா, அப்புறம் சோறு எறங்குமா?" என்று கேட்டான்.

முதலில் தேய்த்தது ஜெகதீஷின் பிரிட்ஜுக்கு. தேனிக்காரன், அப்போது கல்யாணமான புதுசு. பிறகு போன், மிக்ஸி, யார் வீட்டுக் குழந்தைக்கோ தொட்டில், சுடலைமுத்துவின் ஊர்க் கோயில் கொடைக்கு ஒரு மேளம்கூட. எந்த வீட்டு வளைகாப்பானாலும் பொற்கொடிக்கு முன்வரிசை நாற்காலி. "மதினி, நீங்க உக்காருங்க" என்று இடம் ஒதுக்கினால் யாருக்குத்தான் பிடிக்காது? அவளுக்கும் பிடித்தது. இத்தனைக்கும் அந்தக் கார்டில் அவள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு குக்கர்தான்.

அப்புறம் கம்பெனி அந்த லைனையே பெயர்த்து வடக்கே கொண்டுபோய்விட்டது. கான்ட்ராக்ட் ஆட்கள் ஒரே வாரத்தில் திசைக்கொருவராகச் சிதறினார்கள். போகும்போது ஒவ்வொருவனும் போன் செய்தான்: "அண்ணே, வேலை கெடைச்சதும் தந்துர்றேன்." எல்லோருக்கும் செல்வம் சொன்னது ஒரே பதில்: "நான் பாத்துக்கிறேன், நீ மொதல்ல வேலையத் தேடு." அவர்கள் தேடிக்கொண்டார்கள். இவனும் சொன்னபடியே கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டான். கம்பெனி கொடுத்த கணக்குத் தீர்வுப் பணம் பாதி மகள் மோகனப்ரியாவின் காலேஜுக்கும், பாதி இந்த வீட்டு லீஸுக்கும் போனபிறகு, ஒரு குடோனில் செக்யூரிட்டியாக நின்று வாங்கும் சம்பளத்தில் கார்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

வசூலுக்கு ஒரு பெண் தினமும் போன் செய்தாள். செல்வம் ஒருநாளும் எடுக்காமல் இருந்ததில்லை. "சாப்டியாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பான். கடைசியில் அவள் வேலையை விட்டபோது போன் செய்து விடைபெற்றாள். "அங்கிள், இனிமே வேற ஆள் பேசுவாங்க. கொஞ்சம் கத்துவாங்க, மனசுல வச்சுக்காதீங்க." கத்துகிற ஆளும் கொஞ்ச நாள் கத்திவிட்டு நின்றுபோனான். போன் நின்றதும் பேங்க் சலித்துப்போய் விட்டுவிட்டது என்று புருஷனும் பெண்டாட்டியும் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. பேங்க் வாயை மூடிக்கொண்டு வக்கீலைப் பிடித்திருந்தது.

தாள்களைப் படம் பிடித்து, பர்கூர் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த மோகனப்ரியாவுக்கு அனுப்பினாள் பொற்கொடி. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"இங்கிலீஷ்ல இருக்கிறதெல்லாம் புரியுதும்மா. வட்டியோட ஒன்னே முக்கா லட்சம் கேக்குறாங்க. ஆனா என்னிக்கு வரணும், எங்க வரணும்ங்கிறது மட்டும் அந்தக் கன்னடத் தாள்ல கையால எழுதியிருக்கு."

"படம் புடிச்சா போனே தமிழாக்கிரும்னியே?"

"ஆக்குச்சே. 'எருமை தேங்காயுடன் நேரில் வரவும்'னு வருது."

"எருமை நான்தான், அது கரெக்டு" என்றான் செல்வம் குழாயடியிலிருந்து. "தேங்காய்க்குத்தான் எங்க போறதுன்னு தெரியல."

கர்நாடகத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கன்னடம் பேச வரும். ஒரு எழுத்துப் படிக்க வராது. தெருவில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். வீட்டுக்காரர் திம்மப்பன். தினமும் கன்னடப் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். இந்த விஷயம் யாருக்குத் தெரியக்கூடாதோ அவரும் அவரேதான்.

ஏனென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம், ஜூஜூவாடியில் இருக்கும் இந்த வீடு லீஸுக்கு எடுத்தது. மூன்று லட்சத்தை மொத்தமாகத் திம்மப்பன் கையில் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கிறார்கள். காலி செய்யும்போது அதே மூன்று லட்சம் திரும்ப வரும். அவர்களுக்கு இருக்கிற சொத்து, பத்து, நகை, நட்டு எல்லாம் அந்த மூன்று லட்சம்தான். அடுத்த மாசம் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இன்றைக்கு இருக்கிற ரேட்டில் மூன்று லட்சத்தோடு வெளியே போனால், குளியலறையைக்கூட யாரும் லீஸுக்குத் தர மாட்டார்கள்.

பொற்கொடி யோசித்தாள். தாளை எட்டாக மடித்து, கையால் எழுதியிருந்த வரிகள் மட்டும் மேலே தெரிகிற மாதிரி வைத்து, முத்திரையின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். திம்மப்பனுக்குத் தண்ணீர் கேன் வியாபாரம். முன்னறை முழுக்க நீலக் கேன்கள் அடுக்கியிருந்தன. நடுவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா பொற்கொடி, லீவா?"

"ஆமாங்கண்ணா. இதுல என்ன தேதி போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எங்க ரோஸ் கம்பெனி வேன்காரரு கேட்டாரு."

அவர் கண்ணாடியை மாட்டினார். தாளை வாங்கினார். பேப்பரை உதறுகிற பழக்கத்தில் ஒரே உதறு உதறினார். எட்டு மடிப்பும் விரிந்துவிட்டது. "மடிச்சுப் படிச்சா விசயம் வெளங்காதும்மா" என்று சொல்லிவிட்டு, தெருமுனைவரை கேட்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார். வாதி இன்ன பேங்க். பிரதிவாதி செல்வம், தகப்பனார் பேர் மாடசாமி. "நல்ல பேரு" என்றார் நடுவில். அடுத்த வாரம் வியாழக்கிழமை, காலை, எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தாலுக்கா கோர்ட். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேன்காரருக்கு வந்தது இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா."

"அடுத்த மாசம் பத்திரம் எழுதணும். நாளைக்கு பேங்க்காரன் இங்க வந்து, 'செல்வம் காசு உன்கிட்ட இருக்குதாமே, எடு'ன்னு நின்னா நான் இன்னா பண்றது? எனக்குக் கோர்ட்டுன்னாலே காய்ச்சல் வந்துடும்மா. எங்கண்ணன் தம்பிங்க வரப்புக் கேஸு போட்டு, நெலத்த வித்து வக்கீலுக்குக் குடுத்தாங்க. வரப்பு மட்டும் அப்படியே இருக்குது."

"அப்படியெல்லாம் ஆகாதுங்கண்ணா."

"ஆகாதுன்னு ஒரு பேப்பர் கொண்டாந்து காட்டுங்க. மறு பேச்சில்லாம எழுதித் தர்றேன். இல்லேன்னா உங்க காச வாங்கிக்கிட்டு வேற வீடு பாத்துக்குங்க. கோவிச்சுக்காதம்மா. உன் கோவத்த விட எனக்குக் கோர்ட்டு பயம் பெருசு."

மத்தியானம் சாப்பிடும்போது பொற்கொடி ஆரம்பித்தாள்.

"ஜெகதீஷ்கிட்ட கேளுங்க. அதிகம் வாங்குனவன் அவன்தான். இப்ப இதே ஊருலதான் சொந்த வேன் ஓட்டுறான்."

"லோன் வேன்."

"லோனோ கீனோ. நம்ம தேச்ச பிரிட்ஜுல தண்ணி குடிச்சுட்டுத்தான ஓட்டுறான்?"

"கேட்டா குடுத்துருவான், பொற்கொடி. அதான் கேக்கல."

இந்த மாதிரி வாக்கியங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகியவை. ரசத்தை ஊற்றினாள்.

வியாழக்கிழமை ரோஸ் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, தயிர்சாதம் கட்டிக்கொண்டு, இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் வந்து ஓரங்கட்டியது. ஜன்னல் வழியாக ஜெகதீஷின் தலை.

"அண்ணே! எங்கண்ணே ஜோடியா?"

"ஒரு விசேஷம்டா, அந்தப் பக்கம்."

"ஏறுங்க, ஏறுங்க! ஷிப்டு ஆளுகள எறக்கிட்டு வண்டி சும்மாதான் போகுது. என்ன மதினி, விசேஷத்துக்கு டிபன் டப்பாவோட கெளம்பிட்டீக? அங்க சோறு போட மாட்டாகளா?"

"அந்த வீட்டுல சோறு போடுற வழக்கம் இல்ல" என்றாள் பொற்கொடி.

"அப்பேர்ப்பட்ட கஞ்சப்பய யாரு?"

"உனக்குப் பழக்கமில்லாதவக" என்றான் செல்வம் அவசரமாக.

செக்போஸ்ட்டைத் தாண்டும்வரை ஜெகதீஷ் வாய் மூடவில்லை. டீசல் விலை, மச்சினன் திமிர், சின்ன மகளின் சேட்டை. "போன மாசம் அவ பொறந்தநாளுக்கு அந்த பிரிட்ஜுலதான் கேக்கு வச்சோம்ணே. நீங்க தேச்சுக் குடுத்தது, இன்னும் ஒரு ரிப்பேர் இல்ல. மாத்தலாம்னு என் பொண்டாட்டி சொல்றா. நான் விடல. ராசியான பிரிட்ஜு."

"ஜெகதீஷு, அந்த பிரிட்ஜு இருக்குல்ல..." என்று பொற்கொடி பின்சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்தாள்.

செல்வம் இருமினான். ஆள் காலியாகிவிடுவானோ என்கிற மாதிரி நீளமான இருமல். ஜெகதீஷ் பதறி வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இருமல் முடிந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

கைகாட்டி முனையில் இறங்கும்போது செல்வம் சட்டைப் பைக்குள் கைவிட, ஜெகதீஷுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே, நான் டிக்கெட் கிழிக்கிறவனா? உங்ககிட்ட காசு வாங்குனா நான் மனுசனா?"

செல்வத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "பாத்தியா?" என்றான்.

"பாத்தேன், பாத்தேன். நடங்க" என்றாள்.

கோர்ட்டில் அன்றைக்குக் கார்டு கேஸ்களை மொத்தமாகக் கூப்பிட்டார்கள். வராந்தா முழுக்கக் கம்பெனிச் சட்டைகள். நீதிபதி ஒரு அம்மா. கன்னடத்தில், வாங்கினீர்களா என்று கேட்டார். "ஹௌது மேடம், நானே தகொண்டெ" என்று, ஆமாம் நான்தான் வாங்கினேன் என்பதை மாடு வாங்கியவன் மாதிரி பெருமையாகவே சொன்னான் செல்வம். பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா பாருங்கள் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பேங்க் சார்பில் ஒரு இளைஞன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். கழுத்து அட்டையில் கௌதம் என்று இருந்தது. தமிழ்ப் பையன்தான்.

"சார், ஸ்டேட்மென்ட் ஒரு தடவை பாத்துக்கலாம். ஒரு வருஷத்துல பதினோரு மொபைல். நாலு மிக்ஸி. ரெண்டு பிரிட்ஜு. ஒரு தொட்டில்." அவன் திரையை நெருங்கிப் பார்த்தான். "இது மேளமா சார்?"

"மேளம்தான்."

"எல்லாமே உங்க வீட்டுக்கா?"

"பெரிய குடும்பம், சார்."

கௌதம் திரையிலிருந்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான். பையன் கெட்டவனாகத் தெரியவில்லை. "வேற யாராச்சும் உங்க கார்ட யூஸ் பண்ணியிருந்தா சொல்லுங்க சார். பேரும் நம்பரும் குடுத்தா எங்க ஆளுங்க அவங்ககிட்டயும் பேசுவாங்க. உங்களுக்கும் லேசாகும்."

பொற்கொடி செல்வத்தைப் பார்த்தாள். செல்வம் மேஜையைப் பார்த்தான். சொல்லுங்க, ஒரே ஒரு பேர் சொல்லுங்க என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கத்துகிற ஆள் ஜெகதீஷின் வீட்டுக்குப் போன் செய்வதும், கேக் வெட்டிய குழந்தை போனை எடுப்பதும் கண்ணில் வந்து நின்றது.

"அப்ப இந்த மேளத்த யாரு சார் வாசிக்கிறா?" என்றான் கௌதம்.

"நான்தான்" என்றாள் பொற்கொடி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. கௌதம் ரோஜா முள் கீறிய அவள் கைகளைப் பார்த்தான். மேளத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் லேப்டாப்பில் தட்ட ஆரம்பித்தான். சம்பளச் சீட்டு இருக்கா, செக்யூரிட்டி வேலையில் கையில் எவ்வளவு வரும், பிள்ளை படிக்கிறதா என்று கேட்டுக்கேட்டுத் தட்டினான். இரண்டு தடவை யாருக்கோ போன் செய்து, "முடியாது சார், நான் நேர்ல பாக்குறேன்ல" என்று சொன்னான். கடைசியில் தொண்ணூறாயிரத்தில் வந்து நின்றது. அடுத்த வாய்தாவுக்குள் இருபத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். மீதி மாசத் தவணை. கட்ட முடியாமல் போனால் பழையபடி முழுத் தொகைக்கும் தீர்ப்பு.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். "மேளம் வாசிப்பியாக்கும்?" என்று செல்வம் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ஊறுகாயைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திம்மப்பன் சமரசத் தாளை வரி விடாமல் படித்தார். இந்த முறை சத்தமில்லாமல்.

"பரவால்லீங்க. சமாதானமா முடிச்சிருக்கீங்க. ஆனா இருபத்தஞ்சு கட்டுனாத்தான் இது செல்லும்னு போட்டிருக்குது. இருக்குதா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கண்டு, அவர் கேன்களின் மேல் விரலால் தாளம் போட்டார். மனசுக்குள் கணக்குப் போடும்போது அப்படிச் செய்வார்.

"ஒன்னு பண்ணலாம். லீஸு காசுல இருபத்தஞ்ச நான் திருப்பிக் குடுத்துடறேன். ரெண்டே முக்காலுக்குப் பத்திரம் எழுதிக்கலாம். மேல மாசம் ரெண்டாயிரம் வாடகை. இப்ப எல்லாரும் லீஸும் வாடகையும் கலந்துதான் விடறாங்க. உங்களுக்கு வீடு இருக்கும், எனக்குக் கோர்ட்டு இருக்காது. சரிங்களா?"

அவருக்கு இதில் நஷ்டமில்லை என்பது பொற்கொடிக்குத் தெரிந்தது. வேறு வழியில்லை என்பதும் தெரிந்தது. "சரிங்கண்ணா" என்றாள். ஸ்டாம்ப் பேப்பரையும் பணத்தையும் எடுத்துவருவதாகச் சொல்லித் திம்மப்பன் உள்ளே போனார்.

கேன்களுக்கு நடுவில் இருவர் மட்டும்.

"வீடு தங்கிருச்சு" என்றான் செல்வம். பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"தங்கிருச்சு. பேங்க் தவணை ஒருபக்கம், இந்த ரெண்டாயிரம் ஒருபக்கம். எங்கேர்ந்து வரும்?"

"பாத்துக்கலாம்."

"நீங்க பாத்துக்கிட்டதுதான் போன வாரம் தபால்ல வந்துச்சு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "அங்க பேங்க்காரன் முன்னாடி நான் யாரையும் காட்டிக் குடுக்கல. உங்களுக்காகச் சொன்னேன்னு நெனைக்காதீங்க, அந்தக் குழந்தைக்காகச் சொன்னேன். ஆனா பேங்க்காரன் கேக்குறது வேற, நாம கேக்குறது வேற. இந்த ஞாயித்துக்கெழமை நான் ஜெகதீஷ் வீட்டுக்குப் போறேன். சண்டைக்கு இல்ல. மாசம் ரெண்டாயிரம் நீ குடுன்னு கேக்கப் போறேன். வேன் ஓட்டுறவனுக்கு அது முடியும். அவன் மனுசனா இல்லையான்னு அவனே சொல்லட்டும்."

செல்வம் நீலக் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேனின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. எழுந்துபோய் அதை அழுத்தி மூடினான்.

"நீங்களும் வாரீங்களா?"

அவன் அடுத்த கேனின் மூடியைத் தொட்டுப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

உள்ளே திம்மப்பன் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் மூன்றாவது மூடிக்குப் போகும்வரை பொற்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "அப்ப ஞாயித்துக்கெழமை நான் மட்டும் போறேன்" என்றாள். கையெழுத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், அறையை விட்டு வெளியே போனாள்.